தொட்டிலுக்கும் தலைநகருக்கும் நடுவே

(மாவட்டக் கலை அணி, மருத்துவ அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மன்றத்தில் இதைப் பேசியபோது நேரம் போதவில்லை. நாடகத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். அன்று கேட்டவர்களுக்கு விட்டுப்போனதையும், கேளாதவர்களுக்கு முழுவதையும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஏட்டின் வழியே தருகிறேன்.

என் நாடகமொன்றில் ஒரு காட்சி உண்டு. மூன்றாம் அங்கத்தின் முடிவு. தாய் ஒருத்தி, மூச்சடங்கிய மகவை மடியில் கிடத்தி மூன்று நிமிடம் புலம்புவாள். சொல்லுக்குச் சொல் மோனை, அடிக்கு அடி எதுகை. திரை விழும், கையொலி எழும். அந்தக் கையொலியைக் கேட்டு இறுமாந்தவன் நான். ஊர் ஊராக, ஆண்டு ஆண்டாக அந்தக் காட்சியை விற்றவன் நான். இப்போது அதை வெட்டி எறிந்துவிட்டேன். ஏன் வெட்டினாய் என்று நடிகர்கள் கேட்கிறார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் சேர்த்தே விடை சொல்கிறேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூரில் நாடகம் முடித்து, விடியற்காலையில் சின்னசேலம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தோம். முகத்தில் பூசிய அரிதாரம் முழுதும் போகவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு இளைஞன், அவன் மனைவி, அவள் மடியில் துணிச்சுருளாய் ஒரு குழந்தை. பிறந்து பதினொரு நாள் என்றாள். விளக்கொளியில் பார்த்தேன். குழந்தையின் உதடு நாவற்பழம் தின்றது போலிருந்தது. நகக்கண்ணும் அப்படியே.

“கலர் கம்மியா இருக்குன்னு நர்சம்மா சொன்னாங்கண்ணே. மூணு எடத்துக்குப் போயிட்டோம். மெட்ராசுக்குப் போயி எக்கோ எடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்க” என்றான் அவன். மழை பட்டுவிடாமல் நெகிழித்தாளில் சுற்றி, சட்டைப்பையில் வைத்திருந்த காப்பீட்டு அட்டையை எடுத்துக் காட்டினான். காட்டிவிட்டுக் கேட்டான் தோழர்களே, ஒரு கேள்வி! “இந்தக் கார்டைக் காட்டுனா பஸ்ஸுல ஏத்திக்குவாங்களாண்ணே?”

அறுவைக்கு இலட்சக்கணக்கில் அரசு செலவிடும் என்று அச்சடித்த அட்டை அது. அந்த அட்டையால் ஒரு பயணச்சீட்டு வாங்க முடியாது. மனைவி பக்கத்தில் படுத்திருக்கும் நாட்களுக்குக் கணவன் இழக்கும் கூலியை அந்த அட்டை தராது. நான் என்ன செய்தேன்? பெருமையோடு பணம் கொடுத்தேன். சென்னைப் பேருந்தில் மூவரையும் ஏற்றிவிட்டேன். என் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். கலைஞன் கருணை காட்டிவிட்டான் என்று என் தோளை நானே தட்டிக்கொண்டேன். மதியம் அழைப்பு வந்தது, விழுப்புரத்திலிருந்து. “திரும்பி வந்துகிட்டிருக்கோம்ணே” என்றான். அவ்வளவுதான் சொன்னான். புலம்பவில்லை. மோனையும் இல்லை, எதுகையும் இல்லை.

பின்னர் ஒரு குழந்தை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. “நீங்கள் 108-ஐ அழைத்திருக்க வேண்டும், மூச்சுக்கருவி உள்ள ஊர்தியில், மருந்து ஏற்றிக்கொண்டே கொண்டுபோக வேண்டிய குழந்தை” என்றார். மூன்று இடங்களில் சீட்டெழுதியவர்கள் செய்யாததை, நான்காவதாக வந்த நானும் செய்யவில்லை. பேருந்தில் ஏற்றியவன் நான்தான். இந்தக் குற்றத்தை மேடையில் ஒப்புக்கொள்ளாமல் இனி ஊரார் குற்றத்தைப் பேச எனக்கு நாவெழாது.

அந்தக் குழந்தைக்கு என்ன கோளாறு என்பதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கும் இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை. இப்படி நீலம் பாரிக்கும் கோளாறுகளில் ஒன்றை மட்டும் மருத்துவர் எனக்கு விளக்கினார். இதயத்திலிருந்து உடலுக்குக் குருதி கொண்டுபோகும் பெருங்குழாயும், நுரையீரலுக்குக் கொண்டுபோகும் குழாயும் இடம் மாறிப் பிறப்பது. கெட்ட குருதி உடலையே சுற்றுகிறது. நல்ல குருதி நுரையீரலையே சுற்றுகிறது. இரண்டு ஊர்கள், நடுவே ஆறு, பாலம் இல்லை. கருப்பையில் இருந்தபோது வேலை செய்த சிறு குழாய் ஒன்று, பிறந்த பின்னும் சில நாள் திறந்திருக்கும். அதுதான் அந்தக் குழந்தையின் பாலம். சில நாளில் இயற்கை அதை மூடிவிடும். நல்ல குழந்தைக்கு அது மூடுவது வளர்ச்சி. இந்தக் குழந்தைக்கு அதுவே முடிவு. அந்தப் பாலத்தை மூடவிடாமல் வைக்க மருந்து இருக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் என்று பெயர். குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். மூச்சு நின்றுவிடக்கூடும் என்பதால் விழித்திருந்து காக்க வேண்டும். அப்படிக் காத்துக் கொண்டுபோனால், குழாய்களை இடம் மாற்றித் தைக்கிறார்கள். 1975-இல் பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரில் அடீப் ஜட்டேனி என்ற அறுவை மருத்துவர் இதை முதன்முதலாக வெற்றியோடு செய்தார். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்வது நல்லது; நாள் ஆக ஆக இதயத்தின் இடது அறை உழைப்பில்லாமல் வலுவிழந்துவிடும். காலத்தே சேர்ந்தால், நல்ல மையங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைத்து, ஓடியாடி, பள்ளிக்குப் போகின்றன.

மருந்து இருக்கிறது. கத்தி இருக்கிறது. கைதேர்ந்தவர் இருக்கிறார். குழந்தையும் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே என்ன இருக்கிறது? சாலை இருக்கிறது, தோழர்களே! கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மலையூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வருவது தனிக் கணக்கு.

“விதி” என்பார்கள். “முற்பிறப்பின் வினை” என்பார்கள். உதடு பிளந்து பிறந்தால் கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாள் என்று அவள் தலையிலேயே பழியைக் கட்டுவார்கள். புறநானூற்றைப் புரட்டுங்கள்: உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்குப் பாடிய 28-ஆம் பாட்டில், பிறவிக் குறைகளை எட்டாக எண்ணிச் சொல்கிறார், பார்வையின்மை, செவிட்டுத்தன்மை, ஊமை, கூன் என்று அந்த வரிசை போகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் புலவன் இவற்றைக் கணக்கெடுத்தான். ஆனால் இதயத்துக் குறை அந்த எட்டில் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே எண்ண முடியும்? மார்புக்குள் இருந்ததை அன்று எவரும் காணவில்லை. இன்று காண்கிறோம். வயிற்றில் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்து, கருவின் இதயத்தில் நான்கு அறையும் சரியா, குழாய்கள் இடத்தில் உள்ளனவா என்று காண்கிறோம். கண்ட பிறகும் விதி என்பவனை என்னவென்று சொல்வது?

(ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன், கைதட்டல் கிடைக்காது என்பது தெரிந்தே சொல்கிறேன். சொந்தத்தில் மணம் முடிப்பது பிறவிக் குறைகளைக் கூட்டுகிறது. நம் மாநிலத்தில் நான்கு மணங்களில் ஒன்றுக்கு மேல் இன்னும் சொந்தத்திலேதான். சுயமரியாதைத் திருமணத்துக்குத் தலைமை தாங்கப் போகும் நம் பேச்சாளர்கள் இதையும் ஒரு சொல் சொன்னால் நல்லது.)

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு அல்லது ஒன்பது இதயக் குறையோடு பிறக்கின்றன. உலகெங்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். இந்திய நாட்டில் ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் ஐந்தில் ஒன்றுக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே அறுவையோ வேறு சிகிச்சையோ வேண்டும். இயற்கை மாநிலம் பார்த்துக் குறை வைப்பதில்லை. பாட்னாவிலும் எட்டு, பாலக்காட்டிலும் எட்டு. ஆனால் மருத்துவம்? குழந்தை இதய அறுவைக்கென்று முழுதாய் அமைந்த மையங்களில் பெரும்பாலானவை தென்மாநிலங்களிலும், மேற்கே சில நகரங்களிலும், தில்லியிலும் குவிந்துகிடக்கின்றன. ஆண்டுக்கு 50 இலட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் உத்தரப் பிரதேசமும், ஏறத்தாழ 30 இலட்சம் பிறக்கும் பீகாரும் நெடுங்காலம் வெறுங்கையோடு நின்றன. பீகார் அரசு 2021-இல் ‘பால் ஹிருதய்’ திட்டத்தைத் தொடங்கியபோது என்ன செய்தது தெரியுமா? அந்த ஏப்ரலில் முதல் அணியாக 21 குழந்தைகளைப் பாட்னாவிலிருந்து விமானத்தில் ஏற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குஜராத்தின் அகமதாபாத்துக்கு அனுப்பியது.

நான் நகைக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையை விமானத்தில் ஏற்றிய கையை நான் வணங்குகிறேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பட்டியல் போட்டு, நாள் குறித்து, அணி சேர்த்து விமானம் ஏறும் வரை காத்திருக்க முடிந்த குழந்தை எது? இதயத்துச் சுவரில் துளையோடு இரண்டு வயது, ஐந்து வயது என்று தாக்குப்பிடித்த குழந்தை. பாலம் மூடுகிற பத்து நாள் குழந்தைக்கு அந்த விமானத்தில் இருக்கை இல்லை. அது பட்டியலிலேயே ஏறுவதில்லை. மாவட்ட ஏட்டில் “மூச்சுத்திணறல்” என்று ஒரு சொல்லாய் முடிந்துபோகிறது.

நம் பக்கம் வருவோம். நாம் பெருமைப்பட உரிமை உண்டு. நாட்டின் முதல் திறந்த இதய அறுவைகளில் சில 1960-களின் தொடக்கத்திலேயே வேலூரில் நடந்தன. 2009-இல் உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழையின் வீட்டுக்குள் அறுவை மருத்துவம் அடியெடுத்து வைத்தது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கள்ளக்குறிச்சியும் இராமநாதபுரமும் நாகப்பட்டினமும் அவற்றில் அடக்கம். மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2020-இல் ஆயிரம் பிறப்புக்குப் பச்சிளங் குழந்தை இறப்பு நாடு முழுவதும் 28; மத்தியப் பிரதேசத்தில் 43; தமிழ்நாட்டில் 13. மேடையில் இந்த மூன்று எண்ணையும் சொன்னால் போதும், கையொலி பிளக்கும். நானும் சொல்லியிருக்கிறேன். நான்காவது எண்ணைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். கேரளத்தில் 6.

பதின்மூன்றுக்கும் ஆறுக்கும் இடையே உள்ள ஏழில், இந்த நீல உதடுகள் எத்தனையோ! வயிற்றுப்போக்கையும் அம்மையையும் நிமோனியாவையும் விரட்டிய நாட்டில், எஞ்சி நிற்கும் இறப்புகளில் பிறவிக் குறையின் பங்கு பெருகும். அதைக் கேரளம் கண்டுகொண்டது. 2017-இல் ‘ஹிருதயம்’ என்ற திட்டத்தை அமைத்தது. எந்த ஊர் மருத்துவரும் குழந்தையின் பெயரை இணையத்தில் பதியலாம். குழந்தை இதய மருத்துவர் அதைப் பார்த்து, இது இன்றே, இது இந்த வாரம், இது காத்திருக்கலாம் என்று வகை பிரிப்பார். எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறதோ அங்கே, அரசோ தனியாரோ, செலவில்லாமல் அனுப்புவார்கள். மூன்று இடத்தில் சீட்டெழுதும் வேலை அங்கே இல்லை. சீட்டுக்குப் பதில் பொறுப்பு எழுதப்படுகிறது. அண்டை வீட்டுக்காரனிடம் நல்லது இருந்தால் கேட்டு வாங்குவதில் என்ன கூச்சம்?

இந்த இடத்தில் வழக்கமான முழக்கம் ஒன்று உங்கள் நாவில் துடிப்பதை நான் அறிவேன். “மாவட்டத்துக்கு ஒரு இதய அறுவைக் கூடம் வேண்டும்!” நானே மூன்று தீர்மானங்களில் எழுதியிருக்கிறேன். அவற்றைத் திரும்பப் பெறுகிறேன், தோழர்களே. ஏனென்று கேளுங்கள்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மருத்துவமனையில் குழந்தை இதய அறுவை நடந்துவந்தது. அறுவைகள் எண்ணிக்கையில் குறைவு, இறப்புகள் அதிகம். 1990-களில் உண்மை வெளிவந்து நாடே கொதித்தது. இயன் கென்னடி தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2001-இல் வந்தது: 1991-இலிருந்து 1995 வரை, மற்ற மையங்களைப் போல் அது இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் முப்பதுக்கும் மேல் அங்கே மாண்டன. வாதுமைக்கொட்டை அளவு இதயத்தில் மயிரிழை நூலால் தைக்கும் கை, மாதம் ஒருமுறை தைத்தால் மழுங்கும். நாள்தோறும் தைத்தால்தான் கூர்மை பெறும். அறுவை மருத்துவர் மட்டுமல்லர், மயக்க மருத்துவர், இதய-நுரையீரல் பொறியை இயக்குபவர், இரவெல்லாம் விழிக்கும் செவிலியர் எல்லாருக்கும் இதுவே விதி. சுவீடன் நாடு 1993-இல் தன் நான்கு மையங்களை இரண்டாகக் குறைத்தது. முன்பு நூற்றுக்கு 9.5 ஆக இருந்த அறுவை இறப்பு, சில ஆண்டுகளில் 1.9 ஆகக் குறைந்தது. அந்நாட்டின் வடகோடியிலிருந்து அந்த மையங்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்! ஆனால் அங்கே தூரத்தைக் கடப்பது தகப்பன் வேலையல்ல, அரசின் வேலை.

ஆகவே, கத்தி சில இடங்களில் போதும். நம் மாநிலத்தில் மேற்கே ஒன்று, தெற்கே ஒன்று, நடுவே ஒன்று என்று அரசு மையங்கள் வலுப்பெற்றுச் சென்னையின் சுமையைப் பகிர்ந்துகொண்டால் போதும். கண்தான் எல்லா இடத்திலும் வேண்டும். கோவிட் காலத்தில் நம் வீடுகளிலேயே விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர், அதன் குழந்தை வடிவம் ஒன்று இருக்கிறது. பிறந்து ஒரு நாள் கழிந்தபின் வலது கையிலும் ஒரு காலிலும் சுற்றிப் பார்க்க வேண்டும். 95-க்குக் கீழே இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் மூன்றுக்கு மேல் வேறுபட்டாலோ மறுபடி பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே என்றால் ஒரு நொடியும் தாமதமாகாது. சில நிமிட வேலை. எல்லாக் குறையையும் அது காட்டிவிடாது. ஆனாலும் கறுத்த உதட்டைக் கண்ணால் கண்டு ஐயுறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் 2011-இல் இதைப் பிறந்த குழந்தைக்கெல்லாம் செய்ய வேண்டிய சோதனைப் பட்டியலில் சேர்த்தார்கள். நமக்கு அவர்களைவிட எளிது என்பேன். தமிழ்நாட்டுப் பிறப்புகளில் நூற்றுக்கு 99-க்கு மேல் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன. கல்வராயன் மலைக் குழந்தையும் ஒரு செவிலியர் கையில்தான் விழுந்தது. ஆட்சிக்கும் அந்தக் குழந்தைக்கும் அன்றே அறிமுகம் நிகழ்ந்துவிட்டது. பதினொரு நாள் கழித்துப் பேருந்து நிலையத்தில், அரிதாரம் கலையாத ஒரு நாடகக்காரன் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை என்ன?

தில்லியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையா என்பீர்கள். உண்டு. பிறவிக் குறை கண்டறிய நடுவண் அரசு 2013-இல் தொடங்கிய சிறார் நலத்திட்டம் நல்ல திட்டம். கண்டறிந்த குழந்தையைச் சேர்க்க வேண்டிய இடங்களை நாடெங்கும் பகிர்ந்து அமைப்பதில்தான் வஞ்சகம். மதுரையில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-இல் அதன் முதல் மாணவர்கள் இராமநாதபுரத்தில் நம் கல்லூரிக் கட்டடத்தில் இரவல் இடத்தில் பாடம் கேட்கத் தொடங்கினார்கள். அடிக்கல்லுக்கு இருந்த அவசரம் அடுத்த கல்லுக்கு இருக்கவில்லை. இதை நான் மேடைதோறும் பேசுவேன். ஆனால் தில்லி நம்மைத் தொலைவில் வைத்ததைக் கண்டிக்கும் நாம், சென்னைக்கும் வெள்ளிமலைக்கும் இடையே உள்ள தொலைவை மறந்தால், நம் குரலில் நமக்கே நம்பிக்கை இராது.

கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டு வந்தவனுக்கு இதயத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று ஒரு நண்பர் முன்வரிசையிலிருந்து கேட்டார். கல்லூரிக்கே போக முடியாத ஒருவரைச் சொல்லி விடையிறுத்தேன். அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞர், தச்சுவேலை தெரிந்தவர், படிப்புக்குச் சேர்த்த பணம் வங்கி முறிந்ததில் போயிற்று. 1930-இல் ஆல்பிரட் பிளாலாக் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராய்ச் சேர்ந்தார். நீலக் குழந்தைகளைக் காக்க வழி கேட்டவர் ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர்; காது மந்தமானவர், குழந்தைகளின் இதயத் துடிப்பை விரலால் தொட்டறிந்தவர். நாய்களில் நூற்றுக்கணக்கான முறை அறுத்துத் தைத்து அந்த வழியைச் செய்து பார்த்தவர் தாமஸ். 1944 நவம்பர் 29-ஆம் நாள், பால்டிமோர் நகரில் முதல் நீலக் குழந்தைக்கு பிளாலாக் அறுவை செய்தபோது, பின்னால் ஒரு முக்காலிமேல் ஏறி நின்று, இப்படித் தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரும் தாமஸ்தான். ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கூலி துப்புரவுப் பணியாளர் தரத்தில்! அவர் கை அந்தச் சிறிய இதயத்தைத் தொடச் சட்டம் இடம் தரவில்லை. 1976-இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது. முக்காலிமேல் நின்றவரின் தயவில் உலகெங்கும் எத்தனையோ குழந்தைகள் நீலம் நீங்கிச் சிவந்தன. தகுதியைப் பற்றி அந்த நண்பர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

இனி, உங்களுக்கு ஒரு வேலை. தீர்மானம் வேண்டாம், ஊர்வலம் பிறகு பார்க்கலாம். உங்கள் ஒன்றியத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அதிகாரம் செய்யாதீர்கள், அங்கே இரவு பகலாய் உழைக்கும் செவிலியர் நம் தங்கைகள், தமக்கைகள். பிறந்த குழந்தைக்கு உயிர்வளி அளக்கும் கருவி இருக்கிறதா, அளந்து எழுதிவைக்கிறார்களா என்று கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் புரோஸ்டாகிளாண்டின் குளிர்பெட்டியில் இருக்கிறதா, ஐயப்பட்டால் யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்று சுவரில் ஒரு எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக்குப் போன தாய் எங்கே தங்கினாள், தகப்பன் எத்தனை நாள் கூலி இழந்தான், அறுவை முடிந்து வந்த குழந்தையை மறுபடி பார்க்க எத்தனை முறை அத்தனை தூரமும் போக வேண்டியிருக்கிறது என்று, அப்படி ஒரு குடும்பம் உங்கள் ஊரில் இருந்தால், உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். ஒரு தாள் போதும்.

அடுத்த மாதம் கள்ளக்குறிச்சியில் நாடகம். அந்த மூன்று நிமிடக் காட்சி இருந்த இடத்தில், நீங்கள் கொண்டுவரும் தாள்களை மேடையில் நின்று படிப்பதாக இருக்கிறேன். சட்டமன்ற உறுப்பினரையும் மாவட்ட மருத்துவ அதிகாரியையும் முன்வரிசைக்கு அழைத்திருக்கிறோம். நாடகம் எட்டு மணிக்கு. தாளோடு வருபவர்கள் ஏழு மணிக்கே வந்துவிடுங்கள்.